கொள்ளிடத்துக்கு வடக்கே நடந்த நிலவியலாளர்

காவிரி டெல்டாவில் பிறந்தவர்களுக்குக் கல் என்பது வெளியூர்ப் பொருள். எங்கள் வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் திருச்சிப் பக்கத்திலிருந்து வண்டியில் வந்தவை. ஆற்றில் இறங்கினால் மணல், வயலில் இறங்கினால் களி, படுகையில் வண்டல். இவற்றுக்கு அப்பால் பூமிக்கு வேறொரு முகம் உண்டு என்று சிறு வயதில் எனக்குத் தோன்றியதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வயலில் தண்ணீருக்காக ஆழ்துளைப் போர் போட்டபோது, வந்திருந்தவர் பத்தடிக்கு ஒரு குவியலாக மண்ணை எடுத்து வரப்பின்மேல் வரிசையாக வைத்துக்கொண்டே போனார். மேலே கறுப்புக் களி, அடுத்துச் சவுட்டு மண், பிறகு மாவு போன்ற நைஸ் மணல், மறுபடியும் களி, அதற்கும் கீழே பருமணல். பருமணலைக் கையில் அள்ளிப் பார்த்தவர், "இங்க ஒரு காலத்துல ஆறு ஓடியிருக்குங்க ஐயா, தண்ணி நிக்கும்" என்று சொன்னார். வேகமாக ஓடும் தண்ணீர்தான் பருமணலைச் சுமந்து வரும், தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் களி படியும் என்பது அவருக்கு அனுபவத்தில் வந்த அறிவு. இன்னும் கீழே போனால் பாறை எத்தனை அடியில் வரும் என்று கேட்டேன். "இந்தப் பக்கம் பாறை ஏதுங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோதுதான் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு என்ற பெயர் எனக்கு அறிமுகமானது. டெல்டாக்காரர்கள் இவரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

பிளான்ஃபோர்டு 1834ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். அவருக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டும் நிலவியலாளர்தான். இந்திய விலங்குகளைப் பற்றிய எழுத்துகளால் பிற்காலத்தில் தம்பியைவிடப் பெரும்புகழ் பெற்றவர். லண்டனில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த அரசினர் சுரங்கக் கல்லூரியில் சகோதரர்கள் இருவரும் படித்தார்கள். பிறகு ஜெர்மனியின் சாக்சனி நாட்டில், 1765ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடத்திலும் பயின்றார்கள். இருவரும் 1855இல் கல்கத்தாவுக்கு வந்து, தாமஸ் ஓல்டாம் தலைமையில் இயங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தபோது தம்பிக்கு வயது 21.

கிழக்கிந்தியக் கம்பெனி நிலவியலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்ததற்கு முதற்காரணம் நிலக்கரி. நீராவிக் கப்பல்களும், அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த ரயில்களும் கரியைத் தின்றன. அந்தக் கரியை இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவருவது கட்டுப்படியாகவில்லை. ஆகவே சகோதரர்களுக்கு இடப்பட்ட முதற்பணியும் ஒரிசாவிலுள்ள தால்சேர் நிலக்கரிப் படுகையை அளந்து வரைவதுதான். ஆனால், கரியைத் தேடிப் போன இடத்தில் அவர்கள் கண்டுகொண்ட ஒன்று கரியைக் காட்டிலும் மதிப்புள்ளதாக இருந்தது.

தால்சேரில் கரிப் படிவங்களுக்கு அடியில், மாவு போன்ற மென்மையான வண்டல் இறுகி உண்டான பாறைக்கு நடுவே, ஆளுயரப் பாறாங்கற்களும் உருண்டைக் கற்களும் சிதறிக் கிடந்தன. எங்கள் போர்க்காரருடைய கணக்குப்படி இது நடக்கக் கூடாத காரியம். பாறாங்கல்லைப் புரட்டிக்கொண்டு வரும் வெள்ளம் மென்வண்டலை ஒரு நொடிகூடத் தங்கவிடாது. மென்வண்டல் படியும் அமைதியான தண்ணீரோ ஒரு கூழாங்கல்லைக்கூட நகர்த்தாது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்க வேண்டுமானால், கற்களைத் தூக்கிவந்து போட்டது தண்ணீராக இருக்க முடியாது. பனிக்கட்டியாகத்தான் இருக்க வேண்டும். பிளான்ஃபோர்டு சகோதரர்களும் அவர்களுடன் பணியாற்றிய வில்லியம் தியோபால்டும் 1856இல் கண்ட இந்தப் படிவத்துக்கு அந்த விளக்கத்தைத்தான் கொடுத்தார்கள். வெயில் கொளுத்தும் ஒரிசாவில் ஒரு காலத்தில் பனிப்பாறைகள் இருந்தன என்று இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர்கள் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! பல ஆண்டுகளுக்குப் பிறகு, பனிப்பாறை உராய்ந்து சென்ற கீறல்கள் அதே காலத்துப் பாறைகளில் கண்டுபிடிக்கப்பட்டபோது அவர்கள் சொன்னது சரியென்று உறுதிப்பட்டது. இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா முதலியவை ஒன்றாக ஒட்டியிருந்த கோண்ட்வானா நிலப்பரப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் தால்சேரிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அடுத்து வந்ததுதான் நம் பக்கத்து வேலை. வட இந்தியாவில் சிப்பாய்ப் புரட்சி வெடித்த அதே 1857இல், பிளான்ஃபோர்டு சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று கற்கோடரியைக் கண்டெடுத்ததால் நாமெல்லாம் அறிந்திருக்கும் இராபர்ட் புரூஸ் ஃபுட், இந்தச் சென்னைப் பிரிவில் வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். திருச்சி, தென்னார்க்காடு மாவட்டங்களில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் பாறைகளில் கிடைப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1840ஆம் ஆண்டையொட்டி கே, கன்லிஃப் என்ற இரு கம்பெனி அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் அவற்றைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். இயற்கையியலாளர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து, அவை டைனோசர்கள் வாழ்ந்த யுகத்தின் கடைசிப் பகுதியான கிரிடேசியஸ் காலத்தவை என்று எழுதியிருந்தார். ஆனால், அவை ஒரு மூட்டைச் சிப்பிகள் மட்டுமே. எந்தச் சிப்பி எந்தப் படிவத்திலிருந்து வந்தது, எந்தப் படிவம் எதற்கு மேலே கிடக்கிறது என்ற வரிசை யாருக்கும் தெரியாது. அந்த வரிசையை நிலத்தில் நடந்து கண்டவர் பிளான்ஃபோர்டு.

நான் முதன்முறையாக அந்த நிலத்தைப் பார்க்கப் போனது திருவையாற்றிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டி, திருமானூர், கீழப்பழுவூர் வழியாக அரியலூருக்குச் செல்லும் சாலையில். கொள்ளிடப் பாலத்தைக் கடந்து சில கல் தொலைவு போனதுமே நெல்வயல் மறைந்துவிடும். மண்ணின் நிறம் மாறிவிடும். முந்திரியும் மானாவாரிக் கொல்லையும் வந்துவிடும். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் எல்லோருக்கும் தெரிந்த கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தின் ஓரமாக நின்று பார்த்தபோது, சுவர் முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தது போல் சிப்பிகள். உள்ளங்கை அளவு கனத்த சிப்பிகள், ஆயிரக்கணக்கில். அங்கிருந்து கடற்கரைக்குப் போவதென்றால் காரில் இரண்டு மணி நேரமாவது ஆகும். நான் அன்று நெடுநேரம் பேசாமல் நின்றேன்.

பிளான்ஃபோர்டு கண்ட ஒழுங்கு இதுதான். மேற்கே பழைய கருங்கல் தரை. அதன் விளிம்பின்மேல் கடற்படிவங்கள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்து கிடக்கின்றன. ஆகையால் மேற்கிலிருந்து கிழக்காக நடக்கிறவர் பழைய படிவத்திலிருந்து புதிய படிவத்துக்கு ஏறிக்கொண்டே போகிறார். மேற்கோரத்தில் சுத்தரத்தினேஸ்வரர் கோயில் இருக்கும் ஊட்டத்தூரின் பெயரை மிகப் பழைய தொகுதிக்கு இட்டார். நடுத் தொகுதிக்குத் திருச்சிராப்பள்ளியின் பெயரை இட்டார். மேல்தொகுதிக்கு அரியலூரின் பெயரை இட்டார். ஒவ்வொரு தொகுதிக்கும் உரிய உயிரினங்கள் எவையென்று பிரித்துக் காட்டினார். ஆய்வுத் துறையின் வெளியீடாக 1862இல் வந்த அவருடைய அறிக்கை, தென்னிந்தியக் கிரிடேசியஸ் பாறைகளைப் பற்றி அதன்பின் எழுதிய அனைவருக்கும் அடித்தளமாயிற்று. ஊட்டத்தூர் தொகுதியின் அடிப்பகுதிக்குச் சுமார் 11 கோடி ஆண்டுகள், அரியலூர் தொகுதியின் மேற்பகுதிக்குச் சுமார் 6.6 கோடி ஆண்டுகள் என்று இன்று சொல்கிறார்கள். கதிரியக்கத்தைக் கொண்டு பாறையின் வயதை அளக்கும் முறை பிளான்ஃபோர்டின் காலத்தில் கிடையாது. எது முந்தியது, எது பிந்தியது என்ற வரிசையை மட்டுமே அவரால் சொல்ல முடிந்தது. அந்த வரிசை பெரும்போக்கில் இன்றைக்கும் நிற்கிறது.

ஜப்பானிலோ பிரான்சிலோ இருக்கும் ஒரு நிலவியல் மாணவர் ஊட்டத்தூர், அரியலூர் என்ற பெயர்களைத் தம் பாடத்தில் படிக்கிறார். நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. காரை கிராமத்தின் செம்மண் ஓடைகளில், களிமண்ணுக்குள்ளிருந்து ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்னுவதையும், கணவாயைப் போன்ற பழங்காலக் கடலுயிரான பெலம்னைட்டின் எச்சங்கள் துப்பாக்கித் தோட்டா வடிவில் மழைநீரில் கழுவப்பட்டுக் கிடப்பதையும், சாத்தனூரில் கல்லாகிப்போன 18 மீட்டர் நீள மரத்தையும் டெல்டாவின் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் பேருந்து பிடித்துக் காட்டிவர வேண்டும். கருடமங்கலத்தில் கிடைக்கும் சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லைப் பளபளப்பாக்கி, "திருச்சினாப்பள்ளி மார்பிள்" என்ற பெயரில் ஒரு காலத்தில் அழகுப் பொருள்கள் செய்து விற்றார்கள். கல்லக்குடியின் சுண்ணாம்புக் கல் 1939 முதல் சிமெண்டாகிக்கொண்டிருக்கிறது. 1953ஆம் ஆண்டின் பெயர்மாற்றப் போராட்டத்தால் அந்த ஊரின் பெயரை எல்லோரும் அறிவோம், ஆனால் அது ஒரு பழங்கடலின் ஓரத்தில் வளர்ந்த பவளத்திட்டு என்பது நம் பேச்சில் வருவதில்லை.

போர்க்காரரிடம் நான் கேட்ட கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. கிழக்கு நோக்கிச் சரியும் அந்தப் படிவங்கள் கொள்ளிடத்தோடு முடிந்துவிடவில்லை. மேலும் மேலும் ஆழத்துக்கு இறங்கி, நம் வண்டலுக்கும் அதற்குக் கீழேயுள்ள கடலூர் மணற்பாறைக்கும் அடியில் கிடக்கின்றன. டெல்டாவுக்குக் கீழே உள்ள படிவங்களின் மொத்தக் கனம் சில இடங்களில் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நரிமணம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால் என்று நம் ஊர்களில் எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்டது இந்த ஆழத்துப் படிவங்களை நம்பித்தான். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020இல் சட்டம் வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். இந்த நிலம் நெல்லுக்கு உரியது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆயினும் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு அந்த உரிமையைப் பேசுவது நல்லது. அந்த அறிவின் முதல் ஏட்டை எழுதியவர் பிளான்ஃபோர்டு.

வெளியில் அலைந்த வேலை அவருடைய உடல்நலத்தைக் கெடுத்துவிட்டது. 1862இல், 28 வயதில், ஆய்வுத் துறையிலிருந்து விலகிக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். திருச்சிப் படிவங்களில் கிடைத்த தலைக்காலிகளை (கணவாய் இனத்து உயிர்களை) பற்றி அவர் தொடங்கிவைத்த விவரணைப் பணியை, அதே ஆண்டில் மொராவியாவிலிருந்து வந்து சேர்ந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிக்கா எடுத்துக்கொண்டு, நான்கு பெருந்தொகுதிகளில் முடித்தார். அந்த மனிதர் 1874இல் காரகோரம் மலையிலிருந்து திரும்பும் வழியில், தம் 36ஆம் வயதில் இறந்து லே நகரில் அடக்கம் செய்யப்பட்டார். அரியலூர்ச் சிப்பிகளுக்காகத் தம் இளமையைக் கொடுத்த இந்த இருவருக்கும் அரியலூரில் ஒரு தெருப்பெயராவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கல்லூரி ஆசிரியரான பிறகும் பிளான்ஃபோர்டு பாறைகளை மறந்துவிடவில்லை. 1875இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, இந்தியாவின் கரிப் படிவங்களில் காணும் தாவரங்கள் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காணும் தாவரங்களோடு ஒத்திருப்பதையும், திருச்சிக் கடற்சிப்பிகள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் சிப்பிகளோடு உறவு கொண்டிருப்பதையும் எடுத்துக்காட்டி, இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் ஒரு நிலப்பரப்பு இணைத்திருந்தது என்று வாதிட்டது. அந்த நிலம் கடலில் அமிழ்ந்தது என்று அவர் காலத்தவர் கருதினார்கள்; கண்டங்களே நகர்ந்து விலகின என்பது இருபதாம் நூற்றாண்டின் அறிவு. இதைப் படிக்கும்போது குமரிக்கண்டத்தை நினைக்காத தமிழர் இருக்க மாட்டார். அந்த நினைவு எனக்கும் வந்தது. ஆனால், பிளான்ஃபோர்டு பேசிய நிலம் மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தியது. நம் இலக்கியம் சொல்லும் கடல்கோளுக்கு இதைச் சான்றாக நிறுத்துவது இரண்டுக்கும் செய்யும் அநீதி.

இனி மழைக்கு வருகிறேன், ஏனென்றால் டெல்டாக்காரர்களுக்கு அவர் மிக நெருங்கி வருவது இங்கேதான். 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவை ஒரு பெரும்புயல் தாக்கி, பல்லாயிரம் பேரைக் கொன்றது. அந்தப் புயல் எங்கே பிறந்தது, எப்படி நகர்ந்தது என்று ஆராய்ந்து அறிக்கை எழுதிய இருவரில் பிளான்ஃபோர்டு ஒருவர். அங்கிருந்து அவருடைய வாழ்க்கை வானத்தின் பக்கம் திரும்பியது. முதலில் வங்காளத்தின் வானிலை அலுவலரானார். 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய இரவில், முன்னெச்சரிக்கை கேட்டு முகாம்களுக்குப் போனவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையின் நீண்ட வரலாற்றில் முதல் பக்கங்களில் இவருடைய கையெழுத்து இருக்கிறது.

அவர் பதவியேற்ற மறு ஆண்டிலேயே மழை பொய்த்தது. நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிவந்த 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். காவிரிப் பாசனம் இருந்ததால் தஞ்சை ஜில்லா பிற ஜில்லாக்களைப் போலச் சிதைந்துவிடவில்லை. வறண்ட சீமைகளிலிருந்து பிழைப்புத் தேடி இங்கே வந்தவர்களும் உண்டு. மழை பொய்க்கப்போவதை முன்பே அறிய வழி உண்டா என்ற கேள்வியை அரசு பிளான்ஃபோர்டிடம் வைத்தது. தால்சேரில் கல்லை வைத்துப் பனியை அறிந்த அதே மனம் இங்கேயும் வேலை செய்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இமயமலையின் மேற்குப் பகுதியில் வசந்தகாலத்தில் பனி மிகுதியாகப் பெய்து, உருகாமல் நீடித்துக் கிடந்த ஆண்டுகளில், வடமேற்கிலிருந்து வறண்ட காற்று ஓங்கி வீசியதையும், தென்மேற்குப் பருவமழை குன்றியதையும் அவர் ஒப்பிட்டுக் கண்டு, 1884இல் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். அதற்கு முன்பிருந்தே சோதனையாகச் சில முன்னறிவிப்புகள் கொடுத்துவந்தார். 1886 ஜூன் 4 அன்று வெளியான பருவமழை முன்னறிவிப்புதான் இந்தியாவில் முறையாக, ஆண்டுதோறும் தொடர்ந்து வெளியிடப்பட்ட வரிசையில் முதலாவது.

பனியை மட்டும் வைத்து மழையைச் சொல்லிவிட முடியாது என்பதைப் பின்வந்த அனுபவம் காட்டியது. பின்னாளில் இதே வானிலைத் துறையின் தலைவரான கில்பர்ட் வாக்கர் பசிபிக் பெருங்கடல் வரைக்கும் காற்றழுத்தக் கணக்குகளைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இதனால் பிளான்ஃபோர்டின் பணி சிறிதும் குறைந்துவிடவில்லை. ஓரிடத்து மழையின் காரணம் ஆயிரம் கல் தொலைவில், சில மாதங்களுக்கு முன்னால் இருக்கக்கூடும் என்பதை எண்களோடு நிறுவ முயன்ற முதல் அடி அவருடையது.

இந்த எண்ணம் டெல்டாக்காரர்களுக்குப் புதிதே இல்லை. என் அப்பா குறுவைக்கு நாற்றங்கால் விடலாமா என்று முடிவு செய்ய வானத்தைப் பார்த்ததில்லை. வானொலியில் மாநிலச் செய்தியின்போது மேட்டூர் அணை நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்பார், குடகில் மழை பிடித்துவிட்டதா என்று விசாரிப்பார். எங்கள் ஊர் வாய்க்காலின் தண்ணீர் எங்கள் ஊரில் பெய்த மழை அல்ல. ஜூன் 12 அன்று மேட்டூரில் மதகு திறக்குமா என்பது, எங்கள் கண்ணுக்கு எட்டாத மலைகளில் தென்மேற்குப் பருவம் எப்படி இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. பிளான்ஃபோர்டு அந்தத் தொலைவை இன்னும் வடக்கே, இமயத்துப் பனி வரைக்கும் நீட்டினார். அவருடைய முதல் முன்னறிவிப்பு நாளும் நம் மதகு நாளும் ஒரே மாதத்தில், எட்டு நாள் இடைவெளியில் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் ஜூன் பிறந்தால் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

எண்பதுகளின் இறுதியில் ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பிய அவர், இந்தியா, இலங்கை, பர்மாவின் பருவநிலை பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். 1893 ஜனவரியில், 58ஆம் வயதில் காலமானார். இந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஓர் இயற்புவியியல் பாடநூலையும் அவர் எழுதியிருந்தார் என்பது எனக்குத் தனியாகப் பிடித்த செய்தி. சென்ற கோடையில் அண்ணன் மகனை அழைத்துக்கொண்டு மறுபடியும் காரைக்குப் போனேன். ஓடைச் சரிவில் குனிந்து மண்ணைக் கையில் எடுத்தவன், "சித்தப்பா, இது நம்ம வயல் களி மாதிரியே இருக்கு" என்றான். கடலடியில் அமைதியாகப் படிந்த களிதான் அது. இதற்கு மேலே எந்த மண் கிடக்கிறது என்று கேட்டான். கிழக்கே அரியலூர்ப் பக்கம் கையைக் காட்டி, நடந்து போனால் தெரியும் என்றேன்.